வெதுருகுப்பத்து மூன்று வீடுகள்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், நெடுநாளைய அன்பர் ஒருவர் எம்மை ஒருபுறமாக அழைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அயல் மாநிலத்தில் உழைத்துச் சேர்த்த வைப்பு நிதியை எடுத்து, போதாமைக்கு வங்கியில் பதினைந்து இலட்சம் கடனும் பெற்று, சொந்த ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதென எண்ணியிருப்பதாகக் கூறினார். "உனக்கென்ன தம்பி, வெதுருகுப்பத்தில் மூன்று வீடுகள் இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திற்கு வருமானம் வந்து சேர்கிறது. எனக்கும் ஒரு வழி சொல்லேன்" என்றார்.

யாம் அப்போது சிரித்து மழுப்பிவிட்டோம். இரவு வீட்டிற்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது, மூத்தவர் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு பற்றிய வினாவிற்கு அவ்வாறு மழுப்பியது குற்றமென்று பட்டது. அவரைப் போன்றே எண்ணமுடைய குடும்பங்கள் நம்மிடையே இன்னும் பல இருத்தல் கூடும். ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறோம்.

முதலில் ஊரைப்பற்றிச் சில சொற்கள். வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெலுங்கில் 'வெதுரு' என்றால் மூங்கில். பழந்தமிழில் 'வெதிர்' என்பதும் அதுவே. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுள் அடங்கியது. 1985இல் ஆந்திரப் பிரதேச அரசு பழைய தாலுகாக்களுக்கு மாற்றாக மண்டலங்களை ஏற்படுத்தியது. வெதுருகுப்பமும் ஒரு மண்டலத் தலைமையூராயிற்று. அலுவலகம் வரும் ஊருக்கு மாற்றலாகி வரும் ஊழியர்களும் வருவர். மாற்றலாகி வருவோர் வீடு கட்டுவதில்லை, வாடகைக்கே தேடுவர். இதனைக் கண்ட எம் தந்தையார், மாந்தோப்பில் மிஞ்சிய பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1990களில் ஒரே வரிசையில் மூன்று சிறு மெத்தை வீடுகளை எழுப்பினார். அவர் மறைவுக்குப் பின் அவை எம் பொறுப்பில் வந்தன. யாமோ பணியின் பொருட்டு வேற்றூரில் இன்னொருவர் வீட்டில் குடிக்கூலி கொடுத்து வாழ்கிறோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். முதல் வீட்டின் வாடகை திங்களுக்கு 3,500 ரூபாய்; மற்ற இரண்டும் மும்மூவாயிரம். ஆக 9,500. ஆண்டுக்கு 1,14,000 வரவேண்டும். காகிதத்தில் அவ்வளவுதான் எளிது. சென்ற ஆண்டு மூன்றாம் வீடு நான்கு திங்கள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. அதனால் 12,000 போயிற்று. வந்தது 1,02,000. ஒரு வீட்டின் தளத்தைச் செப்பனிட 24,000. குடித்தனம் மாறிய வீட்டிற்குச் சுண்ணாம்பும் வண்ணமும் அடிக்க 9,000. தண்ணீர் மோட்டார் பழுதுக்கு 5,500. வீட்டு வரி 3,000. யாம் மூன்று முறை சென்றுவந்த செலவு 4,500. ஆகச் செலவு 46,000. கையில் நின்றது 56,000. திங்களுக்கு 4,700 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு.

அம்மூன்று வீடுகளையும் மனையுடன் இருபத்தைந்து இலட்சத்திற்குக் கேட்போர் உளர். அத்தொகைக்கு 56,000 என்பது நூற்றுக்கு இரண்டேகால் வீதமும் ஆகாது. அதே தொகை வங்கி வைப்பில் நூற்றுக்கு ஆறரை வீதத்தில் இருந்தால் ஆண்டுக்கு 1,62,500 வட்டி வரும். மனையின் விலை ஏறலாம் என்பர், ஏறவும் கூடும். ஆனால் விலையேற்றம் விற்கும் நாளில்தான் பணமாகும். வாடகையோ திங்கள்தோறும் கைக்கு வரவேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்வார்.

வாடகை முழுவதும் வருமானமன்று என்பதை வருமான வரிச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வாடகையிலிருந்து உரிமையாளர் செலுத்திய வீட்டு வரியைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 30 பங்கைப் பழுது முதலியவற்றிற்கென்று, அவ்வளவு செலவானாலும் ஆகாவிட்டாலும், கழித்துக்கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. எம் கணக்கிலோ சென்ற ஆண்டு செலவு அதனையும் விஞ்சியது.

இப்போது அன்பரின் கடனைக் கவனிப்போம். பதினைந்து இலட்சத்திற்கு நூற்றுக்கு ஒன்பது வட்டி எனக் கொண்டால், முதலாண்டில் வட்டி மட்டும் ஏறக்குறைய 1,35,000, திங்களுக்கு 11,250. சிற்றூரில் ஒரு வீட்டு வாடகை அவ்வட்டிக்கு எட்டாது. குறையும் தொகையை அவர் தம் ஊதியத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும். ஊதியம் நிற்கும் நாளில் என் செய்வார்?

பணக்கணக்கு இவ்வளவே. இதனினும் பெரிதாக யாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதைச் சொல்ல நாணமே, ஆயினும் சொல்கிறோம்.

நடுவிலுள்ள வீட்டில் தையல் தொழில் செய்யும் அம்மையார் ஒருவர் தம் இரு பிள்ளைகளுடன் குடியிருக்கிறார். அவர் தெலுங்கர்; எம்மிடம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். 2020இல் தொற்றுநோய் பரவியது முதல் யாம் ஊருக்குச் செல்லவில்லை. வாடகை கைப்பேசி வழியே வந்துகொண்டிருந்ததால் செல்ல வேண்டுமென்று தோன்றவும் இல்லை. 2021 ஆடித் திங்களில் அவர், "தம்பி, சமையற்கட்டின் மேல் தளம் ஈரம் காட்டுகிறது" என்று சொன்னார். "பார்க்கலாம் அம்மா" என்றோம். அவ்வாண்டு நவம்பரில் திருப்பதியையும் சித்தூர்ப் பகுதியையும் பெருமழை தாக்கியதை நீங்கள் அறிவீர்கள். அதையொட்டி இரண்டு திங்கள் வாடகை வரவில்லை. யாம் ஒரு ஞாயிறன்று அவரைத் தொலைபேசியில் அழைத்து, பத்தாம் நாளுக்குள் பாக்கி வாராவிடில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கடுமையாகவே கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி. நீங்கள் சொன்னபடி செய்கிறேன்" என்றார்.

சென்றோம். சமையற்கட்டின் மூலையில் மேற்பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. தையல் இயந்திரம் நடுக்கூடத்திற்கு நகர்த்தப்பட்டுத் தார்ப்பாயால் மூடியிருந்தது. பிறர் தைக்கக் கொடுத்த துணிகளில் சில நனைந்து கறைபட்டுப்போக, அவற்றிற்கு அவரே விலை கொடுத்திருந்தார். ஒழுக்கை நிறுத்த மேஸ்திரியை அழைத்துத் தற்காலிகமாக அடைத்ததற்குச் செலவு 5,200 ரூபாய். அந்தச் சீட்டைச் சுவாமி படத்தின் பின்னிருந்து எடுத்து எம்மிடம் நீட்டினார். அதனுடன் ஒரு காகித உறை. இரண்டு திங்கள் வாடகை 6,000. அதில் 5,200 போக எஞ்சிய 800 ரூபாய் அவ்வுறையில் இருந்தது.

அந்த எண்ணூறு ரூபாய்க்காகவே யாம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தத் துணிந்தோம். அதே ஆடித் திங்களில், யாம் குடியிருக்கும் வீட்டின் குழாய் உடைந்து, எம் வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்றபோது, இவரெல்லாம் ஒரு மனிதரா என்று இல்லாளிடம் பொருமியவரும் யாமே.

பின்னர்தான் சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவித்த பின்னும் தக்க காலத்திற்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து, அச்செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. அம்மையார் அப்பிரிவை அறிந்திருந்தவர் அல்லர். நியாயத்தை அறிந்திருந்தார், வட்டியும் கேட்கவில்லை.

ஒழுக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீடுடைய ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். நம் பக்கத்து மெத்தை வீடுகளில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளமிட்டு, மேலே தட்டோடு பதித்து, நீர் ஓடுவதற்குச் சரிவு கொடுத்துத் தூம்பு வைப்பர். பக்கத்து மாமரத்தின் சருகு தூம்பை அடைத்தது. நீர் மேலேயே தேங்கியது. ஓட்டின் இணைப்பு வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி காரையை உள்ளிருந்தே உடைக்கும். புரட்டாசியில் ஓராள் ஏணி வைத்து ஏறிச் சருகை அள்ளியிருந்தால் அரைநாள் கூலியோடு முடிந்திருக்கும். அதனைச் செய்யாததால் அவ்வாண்டு மூலையைப் புதுப்பித்தோம். சென்ற ஆண்டு தளம் முழுவதையுமே பெயர்த்துப் போட நேர்ந்தது. மேலே எழுதிய 24,000 அதன் விலை.

இவ்விடத்தில் இலண்டன் மாநகரத்து மூன்று வீடுகளை நினைவுகூர்வது தகும். 1865இல் ஆக்டேவியா ஹில் என்னும் அம்மையார், மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற தெருவில் பாழடைந்த மூன்று வீடுகளை நிருவகிக்கத் தொடங்கினார். அறிஞர் ஜான் ரஸ்கின் பணம் கொடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து ஆதாயம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அம்மையார் வாரந்தோறும் தாமே நேரில் சென்று வாடகை வாங்கினார். பாக்கி வைப்பதில் அவர் கண்டிப்பானவர். அதே வேளையில் ஒழுகும் கூரையையும் உடைந்த சன்னலையும் தம் கண்ணாலே கண்டார். பழுதுக்கென்று ஒதுக்கியதில் மிஞ்சிய தொகையைக் குடியிருப்போர் விரும்பிய வசதிக்கே செலவிட்டார். ஐந்து வீத ஆதாயமும் கிடைத்தது. 1874ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 3,000 பேர் அவருடைய மேற்பார்வையிலுள்ள வீடுகளில் வாழ்ந்தனர். அவர் வகுத்த முறையின் சாரம், வாடகை வாங்கும் கையும் வீட்டைப் பார்க்கும் கண்ணும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதே. கைப்பேசி வழியே பணம் வரும் இந்நாளில் கை மட்டும் நீள்கிறது, கண் வருவதில்லை.

குடிவைத்தால் வீடு போய்விடும் என்னும் அச்சத்தால் வீட்டைப் பூட்டியே வைத்திருப்போரும் நம்முள் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 1 கோடியே 10 இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீட்டுத் தட்டுப்பாடு முற்றியபோது வாடகைக் கட்டுப்பாடு நம் நாட்டில் வேரூன்றியது. சென்னை மாகாணத்தின் 1949ஆம் ஆண்டுச் சட்டம் அன்று சித்தூர்ப் பகுதிக்கும் உரியது. பின்னர் 1960இல் ஆந்திரப் பிரதேசமும் சென்னை மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றின. தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றல் அவற்றால் அரிதாயிற்று. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, எழுத்து வடிவ ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தம் என்று ஊரில் பேசுவர். வாடகை கொடுத்து, உரிமையாளரை உரிமையாளரென ஒப்பி வாழ்பவருக்கு, ஆண்டுகள் கடந்த காரணத்தால் மட்டும் உரிமை பிறப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து வெளிப்படையாக ஆள்பவரைப் பற்றியது. ஆகவே ஒப்பந்தமும் ரசீதும் இருதரப்பையும் காப்பவை. ரசீது இல்லாத உறவினர் குடித்தனமே பெரும்பாலும் வழக்கில் போய் முடியும். வாடகைப் பாக்கிக்கும் வரம்புண்டு: 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, பாக்கி சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கிட வேண்டும்.

பதினொரு திங்கள் ஒப்பந்தம் என்னும் வழக்கம் எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டுமென்றது; பதிவுச் செலவைத் தவிர்க்கவே பதினொன்று ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டின் புதுச் சட்டம், காலம் எத்துணை குறுகியதாயினும், எழுதிப் பதியவேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் விதி வேறுபடும். ஆகவே பதினொன்று என்று எழுதிவிட்டால் போதுமென்று இராமல், வீடு இருக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிக.

எம் பட்டறிவில் தேறிய சிலவற்றையும் கூறுகிறோம். ஒப்பந்தத்தை இருவருக்கும் தெரிந்த மொழியில் எழுதுக; எம்முடையது தெலுங்கிலும் தமிழிலும் இருக்கிறது. எப்பழுது யார் பொறுப்பு என்பதை அதிலேயே குறித்துவிடுக. முன்பணம் நம் பணமன்று. திருப்பித் தரவேண்டிய கடன். அதை வங்கியில் தனியே வைத்திருப்பது நன்று. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், வீடுகளுக்கு இரண்டு திங்கள் வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்கிறது. மாநிலங்கள் ஏற்றாலன்றி அது கட்டுப்படுத்தாது எனினும், நியாயமான அளவு அதுவே. வரும் வாடகையில் நான்கில் ஒரு பங்கைச் செப்பனிடும் நிதியாக ஒதுக்குக. தொலைவிலிருப்போர் அதிகார ஆவணத்தை எவரிடமும் எளிதில் கொடுத்துவிடற்க. கொடுக்கத்தான் வேண்டுமெனின், வாடகை வாங்கவும் வரி கட்டவும் மட்டும் அதிகாரம் கொடுத்து, விற்கும் உரிமையை ஒருபோதும் அதில் சேர்க்கற்க.

வாடகையை உயர்த்துவதிலும் நிதானம் வேண்டும். தையற்கார அம்மையாரின் வாடகையில் இருநூறு உயர்த்தினால் ஆண்டுக்கு 2,400 கூடும். அதனால் அவர் போய்விட்டால், ஒரு திங்கள் காலியாயின் 3,000; வண்ணமடிக்கும் செலவு வேறு. மூன்றாம் வீட்டில் ஆள் மாறியதால் மட்டும் சென்ற ஆண்டு 21,000 இழந்தோம். வீட்டைத் தம்முடையதுபோல் காக்கும் ஒரு குடும்பம் நிலையாக இருப்பதே சிறு உரிமையாளரின் முதல் இலாபம். யாம் அவ்வீட்டின் வாடகையை 2021க்குப் பின் உயர்த்தவில்லை.

அன்பருக்கு எம் விடை இது. ஊர் திரும்பி வாழ ஒரு வீடு வேண்டும், அதுவரை வாடகை அவ்வீட்டைக் காத்து நிற்கட்டும் என்பது நோக்கமானால், கடனின்றி இயன்ற அளவில் சிறு வீடொன்று வாங்கலாம். முதுமைக்குத் திங்கள் வருமானம் வேண்டும் என்பது நோக்கமானால், கடன் வாங்கி வீடு வாங்குவது அதற்கு வழியன்று. ஆண்டிற்கு இருமுறையேனும் நேரில் சென்று கூரை ஏறிப் பார்க்க இயலாதவர் எந்நோக்கத்திற்கும் வாங்க வேண்டா. வாடகை என்பது உட்கார்ந்த இடத்து வருமானம் அன்று. ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் ஒழுகாத கூரையைத் திங்கள்தோறும் விற்கும் தொழில் அது. கூரை ஒழுகினால் விற்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை.

யாம் ஏன் இருபத்தைந்து இலட்சத்திற்கு விற்றுவிடவில்லை என்று அன்பர் கேட்கலாம். என்றேனும் ஊர் திரும்புவோம் என்ற ஆசை ஒன்று. மூன்று வீட்டிலும் மக்கள் வாழ்கிறார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்காக ஆண்டுதோறும் ஓர் இலட்சத்திற்கு மேல் வட்டியை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்தே விட்டுக்கொடுக்கிறோம். அறியாமல் கொடுப்பதுதான் நட்டம்.

சென்ற வாரம் அம்மையார் தாமே அழைத்தார். "தம்பி, தூம்பில் சருகு சேர்ந்திருக்கிறது. ஆள் வைத்து எடுத்துவிடட்டுமா, நீங்கள் வருகிறீர்களா?" என்றார். எடுத்துவிடுங்கள், கூலியை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றோம். ஆயினும் வரும் புரட்டாசியில் செல்வதற்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று.

வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றை எவ்வாறு படிப்பது என்பதை அடுத்த இதழில் எழுதுவோம்.